கீபோர்டு கையைப் படுத்துகிறதா? வலி எங்கே என்பதிலிருந்து தொடங்குங்கள்

கும்பகோணம், பாபநாசம், திருவிடைமருதூர் பக்கம் நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறவர்கள் யார் என்று பார்த்தால், பத்திர எழுத்தர்கள், இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருப்பவர்கள், டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் தேர்வுகளை முடித்துவிட்டு டிடிபி (கணினி அச்சுக்கோப்பு) வேலைக்கு வந்தவர்கள். இவர்களுடைய கணினியைச் சரிசெய்யப் போகிற எனக்கு, போன வேலை முடிந்ததும் பெரும்பாலும் இந்தக் கேள்வி வரும்: "தம்பி, கை வலி தாங்கல. நல்ல கீபோர்டா ஒண்ணு சொல்லுங்களேன்."

எல்லோருக்கும் நல்ல கீபோர்டு என்று ஒன்று கிடையாது. வலி எந்த இடத்தில் என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். பல நேரம் கீபோர்டை மாற்றவே வேண்டியிருக்காது. அதனால் இதை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்துகிற தலைப்புக்கு நேரே போய்விடலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், செலவு வைப்பது கடைசியில் வரும். மேலே இருப்பதைப் பார்க்காமல் கீழே இறங்கினால் 3,000 ரூபாய் கீபோர்டிலும் அதே வலிதான்.

எதற்கும் முன்னால் ஒரு சோதனை. பக்கத்து மேசைக்காரரிடம் இரண்டு நாளைக்குக் கீபோர்டை மாற்றிக்கொள்ளுங்கள். வலி அப்படியே இருந்தால் காரணம் மேசையிலோ நாற்காலியிலோ கையிலோ இருக்கிறது. குறைந்தால் கீபோர்டைச் சந்தேகப்படலாம்.

## மணிக்கட்டு வலிக்கிறது, புறங்கைப் பக்கம் இழுக்கிறது

கீபோர்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் இரண்டு சின்னக் கால்கள் இருக்கும். நிமிர்ந்திருந்தால் மடக்கிவிடுங்கள். அவற்றை நிமிர்த்தினால் பின்வரிசை மேலே போகும், அதை எட்ட மணிக்கட்டு மேல்நோக்கி வளையும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த வளைவிலேயே கை நின்றால் வலிக்காமல் என்ன செய்யும்? விசையைப் பார்த்துப் பார்த்து அடிக்கிறவர்களுக்கு எழுத்து தெரியட்டும் என்று வைத்த கால்கள் அவை. பார்க்காமல் அடிக்கத் தெரிந்தவருக்குத் தேவையே இல்லை. வாங்கிய அன்றே அவற்றை நிமிர்த்தி வைப்பது ஒரு சடங்கு மாதிரி நடக்கிறது, ஏனென்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

### மடக்கியும் குறையவில்லை என்றால்

மேசை உயரம் பாருங்கள். கடையில் விற்கிற மேசை சுமார் 75 செ.மீ. உயரம் இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, தோளைத் தளர்த்தி, மேல்கையை உடம்போடு தொங்கவிட்டு முழங்கையை மடக்குங்கள். முன்கை தரைக்குச் சமமாக நிற்கிற உயரத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ நடுவரிசை விசைகள் இருக்க வேண்டும். ஐந்தடி இரண்டு அங்குல உயரமுள்ள ஒருவருக்கு அது 65 செ.மீ. பக்கத்தில்தான் வரும். மேசைக்கும் கைக்கும் 10 செ.மீ. வித்தியாசம். அதை மணிக்கட்டும் தோளும் பங்குபோட்டுச் சுமக்கின்றன.

பிளாஸ்டிக் நாற்காலி என்றால் கெட்டியான குஷன் ஒன்றைப் போட்டு உயருங்கள். உயர்ந்ததும் கால் தொங்கும், தொடையின் அடிப்பக்கம் அழுத்தும். காலுக்குக் கீழே மணைப்பலகை ஒன்றைப் போடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு செங்கல். மரமேசையாக இருந்தால் ஆசாரியைக் கூப்பிட்டு நான்கு கால்களையும் அறுத்துக் குறைத்துவிடலாம். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, செய்தவர்கள் இருக்கிறார்கள், கை வலியும் போயிருக்கிறது. மேசைக்குக் கீழே இழுக்கிற தட்டு வைக்கிறதானால், மவுஸும் அதே தட்டில் அடங்குகிற அகலம் வேண்டும். இல்லாவிட்டால் கீபோர்டு கீழேயும் மவுஸ் மேலேயுமாகக் கை ஏறி இறங்கும்.

லேப்டாப்பில் நாள் முழுக்க அடிப்பவரா? திரையைக் கண் உயரத்துக்குத் தூக்கினால் கீபோர்டு உயரும், கீபோர்டை இறக்கினால் கழுத்து குனியும். இதற்கு வேறு வழியில்லை. 500, 600 ரூபாய்க்குத் தனிக் கீபோர்டு ஒன்று வாங்கிக்கொண்டு, லேப்டாப்பை நாலு தடிப் புத்தகத்தின் மேல் ஏற்றிவிடுங்கள்.

### மணிக்கட்டு சுண்டு விரல் பக்கமாகக் கோணுகிறது என்றால்

நம்பர் பேடு உள்ள பெரிய கீபோர்டு சுமார் 45 செ.மீ. நீளம். அதன் நடுவை உடம்பின் நடுவுக்கு நேராக வைப்பதுதான் வழக்கம், அதுதான் தவறு. அப்படி வைத்தால் எழுத்து விசைகள் எல்லாம் இடப்பக்கம் ஒதுங்கிவிடும். ஜி, ஹெச் விசைகளுக்கு இடையே உள்ள கோடு உங்கள் தொப்புளுக்கு நேரே வருகிற மாதிரி கீபோர்டை வலப்பக்கம் நகர்த்துங்கள். தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையில் அடிப்பவருக்கு எ-வும் க-வும் சந்திக்கிற இடம்.

அப்படியும் கோணினால், அதுவும் நீங்கள் அகன்ற தோள்காரர் என்றால், நடுவில் பிளந்து இரு பக்கமும் சாய்ந்த வகைக் கீபோர்டைப் பார்க்கலாம். மைக்ரோசாஃப்ட் 1994-இலேயே இதைக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டது, ஆனால் நம் ஊர்க் கடைகளில் இன்னும் வைப்பதில்லை. ஆன்லைனில்தான் வாங்க வேண்டும், பல ஆயிரம் ஆகும். பழகச் சில வாரம் பிடிக்கும், அதுவரை வேகம் படுத்துவிடும். மேலே சொன்ன எதையும் செய்யாமல் நேரே இதை வாங்கியவர்கள் பெட்டியிலேயே போட்டு வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மணிக்கட்டுக்குக் கீழே வைக்கிற ரிஸ்ட் ரெஸ்ட் பற்றி ஒரு வார்த்தை. அடிக்கும்போது அதில் ஊன்றக் கூடாது. நிறுத்தி யோசிக்கிற நேரத்தில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைக்கத்தான் அது. மணிக்கட்டின் உள்பக்கம் அதில் அழுந்தினால் வலி கூடும். தடிமனான மெக்கானிக்கல் கீபோர்டு (ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்பிரிங் சுவிட்ச் உள்ளது) வைத்திருப்பவருக்கு அது உதவும். வாங்குவதற்கு முன் ஒரு துண்டை மடித்து வைத்துப் பாருங்கள்.

### மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்

இவ்வளவும் செய்து இரண்டு வாரம் ஆகியும் குறையாவிட்டால், அல்லது வீக்கமும் சூடும் இருந்தால். குடத்தைத் தூக்கும்போது, சாவியைத் திருகும்போது கட்டைவிரல் அடியில் சுளீர் என்றால் அது தசைநாண் அழற்சியாக இருக்கலாம். எலும்பு மூட்டு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள்.

## விரல் மரத்துப்போகிறது

இதற்குக் கீபோர்டு தேட வேண்டாம். எந்த விரல் என்று மட்டும் கவனியுங்கள்.

சுண்டு விரலும் மோதிர விரலில் பாதியும் என்றால், முழங்கையை மேசை விளிம்பிலோ நாற்காலிக் கைப்பிடியிலோ ஊன்றுகிறீர்களா பாருங்கள். அந்த இடத்தில் நரம்பு எலும்பை ஒட்டி ஓடுகிறது. ஊன்றாமல் இருந்தாலே சிலருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் குறையும்.

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவை மரத்து, இரவில் எழுந்து கையை உதறினால்தான் சரியாகிறது என்றால் மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்குகிறது. சர்க்கரை, தைராய்டு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது அதிகம் வரும். மருத்துவர் நரம்புக் கடத்தல் பரிசோதனை எடுக்கச் சொல்லலாம், இரவில் கட்டிக்கொண்டு தூங்க ஒரு பட்டி தரலாம். கட்டைவிரல் அடியில் உள்ள சதை மெலிந்திருந்தாலோ, காபி டம்ளர் கையிலிருந்து நழுவ ஆரம்பித்தாலோ நாள் கடத்தாதீர்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, போய்விடுங்கள். யாரோ கையை இழுத்துச் சொடுக்கெடுத்து விடுகிறார் என்று அவரிடம் போய் நிற்க வேண்டாம்.

## விரல் நுனியும் கணுவும் வலிக்கிறது

டைப்ரைட்டிங் படித்தவர்களுக்கு இது அதிகம். கையால் இயக்குகிற பழைய மெஷினில் விசையை ஓங்கி அடித்தால்தான் எழுத்து தாளில் பதியும். அதே அடி கணினியிலும் தொடர்கிறது. சாதாரண மெக்கானிக்கல் விசை 4 மி.மீ. இறங்கும், 2 மி.மீ. இறங்கும்போதே எழுத்து விழுந்துவிடும். மிச்சம் அடிக்கிற அடி எல்லாம் கீபோர்டின் தரையில் மோதி விரலுக்கே திரும்புகிறது. ஒரு பக்கத்தைச் சத்தமே வராமல் அடிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு அடித்துப் பாருங்கள். விரல் எவ்வளவு குறைவாக உழைக்க வேண்டியிருக்கிறது என்று உடனே தெரியும். வேகம் முதலில் குறையும், பிறகு வந்துவிடும்.

### மெதுவாக அடித்தால் எழுத்தே விழுவதில்லை என்றால்

ரப்பர் இறுகிவிட்டது. சாதாரணக் கீபோர்டில் விசைக்குக் கீழே சின்ன ரப்பர்க் குமிழ் இருக்கும். வருடக்கணக்கில் நம் ஊர் வெயிலில் கிடந்தால் அது கெட்டித்துப்போகும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி ஒன்றும் வேண்டாம், 10 ரூபாய் நாணயம் போதும். கடைகளில் நீட்டினால் முறைத்துப் பார்க்கிறார்களே, அதேதான். ஒரு நாணயம் ஏறக்குறைய 7.7 கிராம். நாணயம் பக்கத்து விசைகளில் உட்காராதபடி நடுவரிசை விசை ஒன்றின் மேல் சின்ன அழிப்பான் துண்டு வைத்து, அதன் மேல் ஒவ்வொன்றாக அடுக்குங்கள். எத்தனையாவது நாணயத்தில் எழுத்து விழுகிறது?

ஆறு நாணயம் என்றால் சுமார் 46 கிராம், மென்மையான விசை. ஏழு, எட்டு என்றால் சாதாரணக் கீபோர்டுக்கு அது இயல்புதான். பத்து வைத்தும் அசையாவிட்டால் ஒவ்வொரு எழுத்துக்கும் 77 கிராமுக்கு மேல் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள். கீபோர்டை மாற்றுங்கள். நான்கைந்து விசைகளில் பாருங்கள், ஒன்றை மட்டும் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம்.

கீபோர்டின் மேல் சிலிக்கோன் உறை போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு ஒருமுறை, போட்டு ஒருமுறை எடை பாருங்கள். தூசிக்குப் பயந்து போட்ட உறையே விரலுக்குச் சுமையாக இருக்கலாம்.

### எந்த விசை வாங்குவது

மெக்கானிக்கல் கீபோர்டுகளில் விசையின் குணத்தை நிறத்தால் சொல்வார்கள். செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் வரிசையில் சிவப்பு தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும், சுமார் 45 கிராம் போதும். கறுப்பும் அதே மாதிரிதான், ஆனால் 60 கிராம் வேண்டும். பழுப்பு நிறத்தில் எழுத்து விழுகிற இடத்தில் விரலுக்கு ஒரு சின்னத் தடங்கல் தெரியும். நீலம் அந்தத் தடங்கலோடு டிக் என்று சத்தமும் போடும். மற்ற கம்பெனிக்காரர்களும் பெரும்பாலும் இதே நிறக் கணக்கைத்தான் பின்பற்றுகிறார்கள்.

இன்ஸ்டிடியூட்டில் பழகிய கைக்கு நான் சொல்வது பழுப்பு. எழுத்து விழுந்தது விரலுக்கே தெரிவதால், தரைவரை அடிக்கிற பழக்கம் தானாகக் குறையும். சிவப்பு மெல்லிய கைக்காரர்களுக்கு ஏற்றது. யோசிக்கும்போது விரலை விசை மேலேயே சாய்த்து வைக்கிறவர்கள் சிவப்பு வாங்கினால் பத்திரம் முழுக்க வேண்டாத எழுத்து விழுந்து கிடக்கும். பெரும்பாலும் 2,000 ரூபாயிலிருந்து விலை தொடங்கும். அவ்வளவு முடியாது என்றால் புது ரப்பர்க் கீபோர்டே போதும், இறுகினதும் மாற்றிக்கொள்ளலாம். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

மடக்கிய விரல் அப்படியே மாட்டிக்கொண்டு, பிறகு டக்கென்று விடுபட்டால் எலும்பு மூட்டு மருத்துவரிடம் போங்கள். காலையில் எழுந்ததும் கணுக்கள் எல்லாம் அரை மணிக்கு மேல் விறைத்திருந்தால் அது முடக்குவாதமா என்று மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

## சுண்டு விரல் மட்டும் சோர்ந்துபோகிறது

இடது சுண்டு விரலா, வலதா? இரண்டுக்கும் காரணம் வேறு.

### இடது

ஷிஃப்ட் விசை. பழைய டைப்ரைட்டர் முறையில் தமிழ் அடிப்பவர்களுக்கு ஷிஃப்ட் இல்லாமல் வேலையே ஓடாது. இரண்டு ஷிஃப்ட் விசைகளையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இடது பளபளவென்று தேய்ந்து, வலது வாங்கின அன்று மாதிரி இருந்தால், எல்லா எழுத்துக்கும் ஒரே விரலைப் போட்டு வாட்டுகிறீர்கள். இடக்கை எழுத்துக்கு வலது ஷிஃப்ட், வலக்கை எழுத்துக்கு இடது ஷிஃப்ட். இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்ததுதான், வேலைக்கு வந்ததும் மறந்துபோகும்.

அப்புறம், சில கீபோர்டுகளில் இடது ஷிஃப்ட் குட்டையாக இருக்கும், அதற்கும் இசட்டுக்கும் நடுவில் இன்னொரு விசையைச் செருகியிருப்பார்கள். விரல் கூடுதலாக நீள வேண்டும். வாங்கும்போது முழுநீள ஷிஃப்ட் பார்த்து வாங்குங்கள். கை மிகவும் மோசமாக இருந்தால் விண்டோஸில் ஸ்டிக்கி கீஸ் வசதி இருக்கிறது. ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் போடட்டுமா என்று கேட்கும். போட்டுக்கொண்டால் ஷிஃப்டைப் பிடித்தபடி அடிக்க வேண்டியதில்லை, அதை ஒருமுறை தட்டிவிட்டு எழுத்தை அடித்தால் போதும்.

### வலது

தமிழ்99-இல் அடிப்பவர்தான் அநேகமாக இதைச் சொல்வார். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட இந்த முறையில் உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். இரண்டு கையும் மாறி மாறி வேலை செய்வதால் மொத்தத்தில் சுகமான முறை. ஆனால் வலது சுண்டு விரலின் பங்கைப் பாருங்கள்: ந, ய, ண, ச, ஞ, ழ. ஆறு எழுத்து ஒரே விரலுக்கு.

கதை எழுதுகிறவருக்கு இது பெரிதாகத் தெரியாது. டெல்டாவில் பத்திரம் அடிப்பவரைக் கேட்டுப் பாருங்கள். "நஞ்சை" என்ற சொல்லில் ந, ஞ, ச மூன்றும் அடுத்தடுத்து அதே சுண்டு விரலில். "புஞ்சை"யில் இரண்டு. "தஞ்சாவூர்" மாவட்டம் என்று பத்திரத்தில் எத்தனை இடத்தில் வருகிறது! நான்கெல்லை எழுதும்போது "கிழக்கு" வராமல் இருக்காது, அதில் ழ. சொத்து விவரம் எழுதி முடிப்பதற்குள் சுண்டு விரல் துவண்டுவிடும்.

செலவில்லாத வழி: ச, ஞ இரண்டையும் எட்டச் சுண்டு விரலை மட்டும் நீட்டாதீர்கள். முழுக்கையையும் கொஞ்சம் மேலே நகர்த்தி, ச-வை மோதிர விரலால் அடியுங்கள். முறைப்படி தப்புதான், பரீட்சையா எழுதுகிறோம்? அடிக்கடி வருகிற சொற்களுக்குச் சுருக்கெழுத்து வைப்பது இன்னும் நல்லது. வேர்டில் தானியங்கித் திருத்தப் பட்டியலில் இரண்டெழுத்துக் குறிக்கு ஒரு முழு வரியையே கொடுத்து வைக்கலாம்.

அடுத்து கீபோர்டை அளந்து பாருங்கள். ச இருப்பது பி விசைக்கு அடுத்த சதுர அடைப்புக்குறியில், ஞ அதற்கும் அடுத்ததில், ழ சாய்கோட்டில். விலை குறைந்த சின்னக் கீபோர்டுகளிலும் சில லேப்டாப்களிலும் இடத்தை மிச்சம் பிடிக்க ஓரத்து விசைகளைத்தான் ஒடுக்குவார்கள். ஆங்கிலத்தில் அடைப்புக்குறியை யார் அடிக்கப் போகிறார்கள் என்ற கணக்கு. அந்தச் சிக்கனம் முழுவதும் நம் ச, ஞ தலையில் விழுகிறது. சாய்கோட்டுக்குப் பக்கத்திலேயே மேல்நோக்கு அம்புக்குறியைத் திணித்திருந்தால் ழ அடிக்கப்போய் மேல்வரிக்குத் தாவிவிடும். ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 19 மி.மீ. இருக்க வேண்டும். ஸ்கேல் வைத்து ந-விலிருந்து ய-வுக்கும், ண-விலிருந்து ச-வுக்கும் அளந்தால் தெரிந்துவிடும். குறைந்தால் அந்தக் கீபோர்டு தமிழுக்கு ஆகாது, எவ்வளவு அழகாக இருந்தாலும்.

எழுத்து முறையையே மாற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: டைப்ரைட்டர் முறையில் இருந்து தமிழ்99-க்கு இளவயதுக்காரர்கள் தாராளமாக மாறலாம், ஷிஃப்ட் சுமை வெகுவாகக் குறையும். இப்போதைய விண்டோஸிலேயே தமிழ்99 இருக்கிறது. முப்பது வருடம் ஒரே முறையில் அடித்தவரை நான் மாறச் சொல்வதில்லை.

## வலது தோள் வலிக்கிறது

மவுஸ் எங்கே இருக்கிறது? நம்பர் பேடுக்கு அந்தப் பக்கம். ஒவ்வொரு முறையும் கை வெளியே நீண்டு போய் வருகிறது. மவுஸை இடப்பக்கம் வைத்துச் சில நாள் பாருங்கள். பழகவில்லை என்றால் நம்பர் பேடு இல்லாத 87 விசைக் கீபோர்டு வாங்கலாம், மவுஸ் சுமார் 9 செ.மீ. உள்ளே வரும்.

எண் அதிகம் அடிப்பவர்களுக்கு, சர்வே எண், பட்டா எண், ஆதார் எண் என்று நாள் முழுக்க ஓடுகிற இ-சேவை மையக்காரர்களுக்கு, நம்பர் பேடு இல்லாமல் முடியாது. தனியாக யுஎஸ்பி நம்பர் பேடு விற்கிறது. அதை இடப்பக்கம் வைத்துக்கொள்ளலாம், வேண்டாதபோது எடுத்து ஒதுக்கலாம்.

தோள் வலியோடு கை முழுக்க மின்னல் மாதிரி இறங்கினால் கழுத்து எலும்பைக் காட்ட வேண்டும். இடது தோள், நெஞ்சு, தாடை என்று பரவினால் கீபோர்டை எல்லாம் மறந்துவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

## அழுத்தியும் எழுத்து விழுவதில்லை

இதுவும் வலியில்தான் முடியும், ஏனென்றால் விழாத எழுத்தை எல்லோரும் ஓங்கிக் குத்துகிறார்கள்.

எல்லா விசைகளுமே பிடித்து வைத்திருந்தால்தான் விழுகின்றனவா? கீபோர்டில் கோளாறு இல்லை. வலது ஷிஃப்டை 8 வினாடி அழுத்திப் பிடித்தால் விண்டோஸில் ஃபில்டர் கீஸ் என்ற வசதி விழித்துக்கொள்ளும். யோசித்துக்கொண்டே விரலை அங்கே வைத்திருந்தால் போதும். திரையில் எதையோ கேட்கும், படிக்காமல் சரி கொடுத்துவிடுவோம். அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதிக்குப் போய் அணைத்துவிடுங்கள். இதற்காகவே கீபோர்டைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு.

ஒரு விசை மட்டும் என்றால் கூளம். தை, மாசியில் சம்பா அறுப்பு நடக்கிறபோது ரோட்டோரக் கடைகளில் எல்லாம் நெல் தூசி பறக்கும். கீபோர்டைக் கழற்றி, கவிழ்த்து, பின்பக்கம் தட்டுங்கள். பெயிண்ட் பிரஷ்ஷால் விசை இடுக்கைத் துடையுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும். சிற்றெறும்பு வருகிறது என்றால் எப்போதோ இனிப்புக் காபி சிந்தியிருக்கிறது. மருந்து அடிக்காதீர்கள், விசை மூடியைக் கழற்றி ஐஸோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போதும்.

காபி இப்போதுதான் கொட்டியதா? முதலில் வயரைப் பிடுங்குங்கள். துடைப்பதெல்லாம் பிறகு. கவிழ்த்து வைத்து இரண்டு நாள் நிழலில் காயவிடுங்கள். வெயிலிலோ சூடான ஹேர் டிரையரிலோ காட்டினால் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் தாள் சுருங்கிவிடும். லேப்டாப்பில் கொட்டியிருந்தால் அணைத்துவிட்டு நேரே சர்வீஸ் ஆளிடம் கொண்டுபோங்கள், "காஞ்சிருக்கும், போட்டுப் பார்ப்போம்" என்று தொடாதீர்கள்.

வரிசையாக நாலைந்து விசை செத்துப்போயிருந்தால் உள்தாளில் மின்பாதை அறுந்திருக்கிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் மாதிரிக் கடலோர ஊர்களில் உப்புக்காற்று அரித்து இப்படி ஆகும். ரப்பர்க் கீபோர்டில் இதைச் சரிசெய்கிற கூலிக்குப் புதிதே வாங்கிவிடலாம். வயர் இல்லாத கீபோர்டில் எழுத்து இடையிடையே காணாமல் போனால் பேட்டரியை மாற்றுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் ரிசீவரை நீலநிற யுஎஸ்பி 3 துளையிலிருந்து கழற்றி வேறு துளையில் செருகுங்கள். அந்தத் துளையும் அதில் மாட்டிய ஹார்டு டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கெடுக்கும்.

## ஒரு எழுத்து இரண்டாக விழுகிறது

ஆங்கிலத்தில் இது கண்ணில் பட்டுவிடும். தமிழ்99-இல் படாது, அதுதான் ஆபத்து. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலெழுத்துக்குப் புள்ளி தானாக விழுகிற முறை அது. "மனை" என்று அடித்தால் "மன்னை" (மன்னார்குடியைச் சுருக்கிச் சொல்வது) ஆகிவிடும், "கடை" "கட்டை" ஆகும். எழுத்துப்பிழை இல்லாத சொற்களாகவே வருவதால் வேர்டும் சிவப்புக் கோடு போடாது. பத்திரத்தில் மனை மன்னார்குடிக்குப் போய்விட்டால் சிரித்துவிட்டுப் போகிற காரியமில்லை.

அவசரத்துக்கு, ஃபில்டர் கீஸில் அடுத்தடுத்து விழுகிற அதே எழுத்தைப் புறக்கணிக்கிற தேர்வு இருக்கிறது, அதை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு விசையைச் சுத்தம் செய்யுங்கள். மெக்கானிக்கல் விசையில் தொடுமுனை தேய்ந்திருந்தால் அந்த ஒரு சுவிட்சை மட்டும் மாற்றலாம். பிடுங்கிச் செருகுகிற வகை என்றால் நீங்களே மாற்றிக்கொள்ளலாம், பற்றவைத்த வகை என்றால் மொபைல், டிவி ரிப்பேர் செய்கிற ஆளிடம் கொடுங்கள்.

## வேறு எழுத்து விழுகிறது

லேப்டாப்பில் ஜே, கே, எல் அடித்தால் எண் விழுந்தால் நம்பர் லாக் (Num Lock) விசையைத் தட்டி அணையுங்கள். தமிழ் அடித்தால் ஆங்கிலம் வந்தால் விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். அவ்வளவுதான்.

## கை கூசுகிறது, லேசாக ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கிறது

பிளாஸ்டிக் கீபோர்டில் தெரியாது. உலோகத் தட்டு உள்ள கீபோர்டு, லேப்டாப், சிபியு பெட்டி இவற்றில் தெரியும். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் கன்வெர்ட்டரில் செருகியிருந்தால் முதலில் அதைப் பிடுங்குங்கள். சுவரில் நேராக மூன்று துளை பிளக்கில் போட்டும் கூசினால் கட்டடத்துக்கு எர்த் சரியில்லை. பழைய ஓட்டுக் கட்டடங்களில் எர்த் ஒயரே இழுத்திருக்க மாட்டார்கள், சித்திரையில் எர்த் குழி காய்ந்தும் போயிருக்கலாம். டெஸ்டரை வைத்துச் சிபியு பெட்டியைத் தொட்டு விளக்கு எரிந்தால் அதற்கு மேல் நீங்கள் எதையும் தொட வேண்டாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அவர் சரிசெய்கிற வரை கணினி அணைந்தே இருக்கட்டும்.

## எல்லாம் பார்த்தாயிற்று, வாங்கித்தான் ஆக வேண்டும்

கடைக்குப் போகும்போது நின்றுகொண்டே தட்டிப் பார்த்து வாங்காதீர்கள். நின்றால் எந்தக் கீபோர்டும் சுகமாகத்தான் இருக்கும். ஒரு ஸ்டூல் கேட்டு உட்காருங்கள். கணினியில் செருகித் தரச் சொல்லி "தஞ்சாவூர், நஞ்சை, சோழபுரம், கிழக்கு" என்று நாலைந்து வரி அடியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு அடிக்க முடிகிறதா பாருங்கள். ஸ்பேஸ் பாரை நடுவில் மட்டும் தட்டாமல் இரண்டு ஓரத்திலும் தட்டுங்கள், ஓரத்தில் முக்கினால் வேண்டாம்.

நீல விசையின் டிக் சத்தம் கடையில் கேட்கும்போது ஆசையாக இருக்கும். நாலு பேர் உட்காருகிற அறையில் மூன்றாம் நாளே சண்டை வரும். விளக்கு எரிகிற கீபோர்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கிற காசு கைக்கு ஒன்றும் செய்யாது. விசையில் எழுத்து எப்படிப் பதித்திருக்கிறது என்று பாருங்கள். மேலே ஒட்டிய அச்சு சில மாதத்தில் அழியும், இரண்டு நிறப் பிளாஸ்டிக்கை ஒன்றுக்குள் ஒன்றாக வார்த்தது அழியாது. தமிழ் ஸ்டிக்கர் ஒட்டினால் வியர்வையில் விளிம்பு எழும்பி விரலை அறுக்கும். பழகுகிற சில மாதத்துக்கு மட்டும் ஒட்டி, பிறகு உரித்துவிடுங்கள்.

பில்லை வாங்கிப் பெட்டியோடு வையுங்கள். பழைய கீபோர்டையும் உடனே தூக்கிக் கொடுத்துவிட வேண்டாம். முதல் ஒன்றிரண்டு வாரம் காலையில் புதியது, அவசர வேலைக்குப் பழையது என்று வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் மட்டும் மாற்றாதீர்கள். அன்றைக்குச் சார்பதிவாளர் அலுவலக வாசலில் இருக்கிற கூட்டத்தில் உங்கள் விரல் ச-வைத் தேடிக்கொண்டிருக்க யாரும் விடமாட்டார்கள்.